பார்க்காத நாளுக்கு சைபர் கிடையாது

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டரை அந்த அக்கா படுத்திய பாட்டை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். "வெள்ளிமலை வண்டி இருக்குதுங்களா?" என்று கேட்டார். சங்கராபுரத்துக்கு ஆள் கூவிக்கொண்டிருந்த அந்த மனிதர் தலையைக்கூடத் திருப்பாமல், "இல்லம்மா" என்றார்.

"இல்லீங்களா? நீங்க பாக்கலீங்களா?"

"இன்னாம்மா?"

"வண்டி இல்லன்றது வேற. வண்டி கீதா இல்லியான்னு நீங்க பாக்கலன்றது வேற. இதுல எது?"

கண்டக்டர் அக்காவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். இந்தம்மாவுக்கு ஏதாவது கோளாறா என்று கேட்கிற பார்வை. எனக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல நான் வேர்க்கடலை வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடைசியில் அவர் முணுமுணுத்துக்கொண்டே நாலு அடி நடந்து எட்டிப் பார்த்தார். வெள்ளிமலை வண்டி அந்தக் கோடியில் உறுமிக்கொண்டு நின்றிருந்தது. விழுந்தடித்துக்கொண்டு ஓடி ஏறினோம். உட்கார்ந்ததும் மூச்சு வாங்க என்னைப் பார்த்து, "பாத்தியா?" என்றார் அக்கா. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. வண்டி கிடைத்ததே அவரால்தான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டிலும் இதே கதைதான். அடுப்படியிலிருந்து அவர் அம்மா, "சக்கர கீதாடி?" என்று கத்துவார். இருக்கும், இல்லை என்று வாயில் வந்ததைச் சொல்வதுதானே மனிதர் வழக்கம்? இவர் எழுந்து போய், டப்பாவைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடி வைத்துவிட்டு வந்துதான் பதில் சொல்வார். அதற்குள் அந்த அம்மா வெறும் காப்பியாகவே கலந்து எங்கள் முன்னால் வைத்துவிட்டிருப்பார்.

அக்காவும் நானும் ஒரே தொழில். அவர் கள்ளக்குறிச்சியில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தார். நான் சென்னையில் வேலை போய், வடக்கனந்தலில் அப்பாவின் மரவள்ளிக் காட்டுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் அல்லாடிக்கொண்டிருந்தேன். எங்களைச் சேர்த்து வைத்தது 'தூறல்'. அது சும்மா கொடுக்கிற மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் அதில் திருத்தம் எழுதி அனுப்பலாம், நாங்கள் படித்துப் பார்த்துச் சேர்ப்போம். கல்வராயன் மலையில் ஊருக்கு ஒரு வீட்டில் மழைமானி வைத்திருக்கிறார்கள். காலையில் பார்த்து அவர்கள் போனில் அனுப்பும் அளவுகளை வாங்கி, தூறல் கோட்டுப்படமாக வரைந்து காட்டும். மலையில் பெய்தால்தானே கீழே கோமுகி ஆற்றில் தண்ணீர்? எங்கள் பக்கத்து விவசாயிகள் தினமும் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள்.

அதை ஆரம்பித்தது அக்கா இல்லை. அவருடைய தம்பி. மலைமேல் ஊர் ஊராக நடந்து மழைமானிகளைக் கொடுத்தவன் அவன். முதல் கோட்டை வரைய நிரல் எழுதியவனும் அவன்தான். ஒரு நாள் சென்னைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். உளுந்தூர்பேட்டையில் ஒரு டீக்கடை வாசலில் அவன் நின்றதைத் தெரிந்தவர் ஒருவர் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். அங்கேயிருந்து சென்னைக்கும் வண்டி, திருச்சிக்கும் வண்டி, சேலத்துக்கும் வண்டி. எதில் ஏறினான் என்று யாருக்கும் தெரியாது. ஏன் போனான் என்பதும் தெரியாது. வீட்டில் சண்டை இல்லை, கடன் இல்லை, ஒன்றும் இல்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் அப்பா தெரிந்த ஊரெல்லாம் போட்டோவோடு அலைந்து, அந்த அலைச்சலிலேயே படுத்துப் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு வீட்டில் அம்மாவும் அக்காவும்தான்.

தூறலை அக்கா எடுத்துக்கொண்டது அப்போதுதான். நான் சேர்ந்ததும் அதையொட்டித்தான்.

அன்றைக்கு நாங்கள் வெள்ளிமலை வண்டியைப் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. மலையில் ஒரு ஊரிலிருந்து வந்த அளவுகளில் மாதக்கணக்கில் வெறும் சைபராக இருந்தது. பக்கத்து ஊரில் நல்ல மழை. இங்கே மட்டும் சொட்டுகூட இல்லை என்றால் எப்படி? வெள்ளிமலையில் இறங்கி நடந்து போனோம். மழைமானி வைத்திருந்த அம்மாள் எங்களைப் பார்த்ததும் மரவள்ளிக் கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டார். விசாரித்தால் விஷயம் இதுதான்: குடும்பத்தோடு மிளகு பறிக்க எஸ்டேட்டுக்குப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்ததும், போயிருந்த நாளுக்கெல்லாம் சேர்த்து சைபர் அனுப்பிவிட்டார்.

"ஏங்க்கா அப்படி அனுப்புனீங்க?" என்றார் அக்கா.

"வெறுமனே வுட்டா நீ வருத்தப்படுவியேன்னுதான் தாயி. உன் தம்பி எம்மாம் ஆசயா குடுத்துட்டுப் போன டப்பா. வேல செய்யாம சும்மா வெச்சிக்கிறான்னு நெனச்சிட்டா?"

அக்கா அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இங்க இல்லாதப்ப மழ பேஞ்சிருக்கும் இல்லீங்களா?"

"பேயாம? செமத்தியா பேஞ்சிருக்கு. வந்து பாத்தா வூட்டுச் செவுரே ஊறிப்போய் கெடந்தது."

"அப்ப அந்த மழயெல்லாம் இன்னா ஆச்சு? நீங்க சைபர்னு போட்டதும் அது பேயவே இல்லன்னு ஆயிடுச்சே. மழ இல்லன்னா சைபர் போடுங்க. பாக்கலன்னா ஒண்ணுமே போடாதீங்க, வெறுமனே வுட்டுடுங்க. நான் கோச்சிக்கவே மாட்டேன்."

அந்த அம்மாள் புரிந்ததுபோலத் தலையாட்டினார். கிழங்கை உரித்து எங்கள் கையில் கொடுத்துவிட்டு, "தம்பி வந்துட்டாராம்மா?" என்று கேட்டார்.

"தெரியலீங்க்கா," என்றார் அக்கா. வரவில்லை என்று சொல்லவில்லை. அன்றைக்குத்தான் அவருடைய அந்தப் பிடிவாதம் எங்கேயிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கியது.

தூறலுக்கு வரும் திருத்தங்களை அவர் படித்துப் பார்க்கும் விதமும் இதேதான். சங்கராபுரத்திலிருந்து ஒரு காலேஜ் பெண், கோடு வரையும் பகுதியை அழகாக்கி எழுதி அனுப்பியிருந்தாள். நடுவில் அளவு வராத நாட்கள் இருந்தால் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் இணைத்து வழவழவென்று ஒரு வளைவு போட்டிருந்தாள். பார்க்க ஜோராக இருந்தது. நான் சேர்த்துவிடலாம் என்றேன். அக்கா கீழே இப்படி எழுதினார்: "கோடு ரொம்ப அழகா இருக்கும்மா. ஆனா பொய் சொல்லுது. மழை இல்லைன்னா கோடு தரையைத் தொடணும். பார்க்கலைன்னா கோடு அறுந்து நிக்கணும். அறுந்தது அசிங்கமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

அந்தப் பெண் கோபித்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. திருத்தி அனுப்பினாள். அதிலும் ஒரு நொட்டை சொன்னார் அக்கா. மறுபடியும் திருத்தினாள். கடைசியில் சேர்த்துக்கொண்ட அன்று அக்காவே அவளுக்குப் போன் செய்து, "உன் கோடு இப்பதாம்மா பாக்க லட்சணமா கீது" என்றார். அதிலிருந்து அவளும் எங்களில் ஒருத்தி ஆகிவிட்டாள்.

இதெல்லாம் கம்ப்யூட்டரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கல்லறைத் திருநாளன்று மாதா கோயிலில் இறந்தவர்களுக்காகப் பூசை வைப்பார்கள். குடும்பத்தில் யார் யார் போய்விட்டார்களோ அவர்கள் பெயரை முன்கூட்டியே கோயிலில் கொடுத்தால், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் பூசையில் வாசிப்பார். ஒரு வருடம் அம்மா தன் கணவர் பெயரோடு மகன் பெயரையும் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். நான் அப்போது அவர்கள் வீட்டில்தான் இருந்தேன்.

"யாரக் கேட்டும்மா குடுத்த?" என்று அக்கா கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

"யாரடி கேக்கணும்? பெத்தவ நானு. உயிரோட இருந்தா ஒரு போன் கூடவா பண்ண மாட்டான்? அவன் ஆத்துமா ஜெபமில்லாம அலஞ்சிக்கினு கெடந்தா உனக்கு சந்தோசமா?" அந்த அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "நான் அழுது முடிக்கணும்டி. எத்தினி வருசம் கதவத் தொறந்து வெச்சிக்கினு கெடக்கறது?"

அது நியாயம்தானே? எனக்கு அந்த அம்மாவின் பக்கம்தான் மனம் சாய்ந்தது. அக்காவும் அழுதுகொண்டுதான் இருந்தார். ஆனால், "செத்துட்டான்றது வேறம்மா, காணலன்றது வேற. நீ பாத்தியா?" என்று கேட்டுவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். உபதேசியார் நல்ல மனிதர். அந்தப் பெயரை அடித்துவிட்டு, "பயணத்துல இருக்கறவங்களுக்காக ஒரு மன்றாட்டு இருக்குதும்மா, அதுல வாசிக்கட்டுமா?" என்று கேட்டார். அக்கா சரி என்றார். பூசையில் அப்பாவின் பெயர் இறந்தவர்களோடும், தம்பியின் பெயர் பயணம் செய்பவர்களோடும் வாசிக்கப்பட்டன. பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா வீட்டுக்கு வந்தும் அக்காவிடம் பேசவில்லை. ரொம்ப நாள் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் தூறலை இடம் மாற்ற வேண்டி வந்தது. அது வரை எங்கள் நிரல் எல்லாம் ஒரு பழைய சர்வரில் இருந்தது. அதை நடத்தியவர்கள் மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். புது இடத்துக்குப் போக வேண்டும். இதில் இரண்டு வழி உண்டு. இன்றைய நிலையில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாகத் தொடங்கலாம். அது அரை மணி வேலை. இல்லையென்றால் ஆரம்பத்திலிருந்து எந்த வரியை யார் எப்போது ஏன் மாற்றினார்கள் என்ற வரலாறு முழுவதையும் ஒன்று விடாமல் புது முறைக்கு மாற்றி எடுத்துப் போகலாம். அது முதுகை ஒடிக்கிற வேலை.

எங்களோடு கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் இருந்தார். கெட்டிக்காரர், அவசரக்காரர். "பழைய குப்பையை எதுக்குங்க சுமக்கறீங்க?" என்றார். அக்கா மாற்றுகிற வேலையைத் தொடங்கிவிட்டார். மாற்றும் கருவி ஒவ்வொரு திருத்தமாகப் படித்துக்கொண்டு போனது. பழைய முறையில் திருத்தியவரின் புனைபெயர் மட்டும் இருந்தால் போதும். புது முறைக்கு முழுப் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் வேண்டும். 'குட்டி' என்ற பெயர் வந்ததும் கருவி நின்றுவிட்டது. இது யார் என்று கேட்டது.

வீட்டில் தம்பியை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

கோயம்புத்தூர்க்காரர் போனில் இருந்தார். "அதுக்கு 'யாருமில்லை'ன்னு ஒரு டம்மி முகவரி போட்டு விட்டுடுங்க, மெஷின் பாட்டுக்குப் போயிரும்," என்றார். தெரிந்து சொல்லவில்லை, பாவம். அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் போனைப் பிடுங்கி அணைத்துவிட்டேன். அக்கா தம்பியின் முழுப் பெயரை அடித்தார். அவனுடைய பழைய மின்னஞ்சலை அடித்தார். கருவி மறுபடி ஓடத் தொடங்கியது. அவன் அந்தந்தத் திருத்தத்துக்கு எழுதியிருந்த குறிப்புகள் திரையில் ஒவ்வொன்றாக ஓடின. அதில் ஒன்று: "அக்கா ஊர்ல இல்ல. கோட்டை ஒடச்சிட்டேன். அவ வர்றதுக்குள்ள ஒட்டிடணும்." அடுத்தது: "ஒட்டல." அதற்கடுத்தது: "அய்யோ வந்துட்டா."

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே கீபோர்டின்மேல் கவிழ்ந்துகொண்டார். அவர் அம்மா அடுப்படியிலிருந்து வந்து வாசற்படியில் நின்று பார்த்தார். "இன்னாப்பா ஆச்சு?" என்று என்னைக் கேட்டார். நான் அந்த மூன்று வரியையும் படித்துக் காட்டினேன். அம்மா வந்து மகளின் தலையைத் தடவிக்கொண்டு நின்றார். இருவரும் பேசத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

புது இடத்தில் ஒரு வசதி உண்டு. நாம் எழுதிய பகுதியை யாராவது தொட்டால் நமக்கு ஒரு கடிதம் தானாகப் போகும். தம்பியின் முகவரிக்கும் போனது. திரும்பி வரவில்லை. அப்படியென்றால் அந்தப் பெட்டி இன்னும் திறந்திருக்கிறது. அக்கா அதற்காகவே அவனுடைய பழைய வரிகளில் அடிக்கடி ஏதாவது ஒரு இடைவெளியைத் தட்டி, அழித்து வைப்பார். நான் தெரியாதவன்போல ஒப்புதல் கொடுத்துவிடுவேன். ஒரு நாள் கடிதம் திரும்பி வந்தது. அப்படி ஒரு முகவரியே கிடையாது என்று வந்தது. என்ன சொல்லித் தேற்றுவது என்று நான் ஒத்திகை பார்த்துக்கொண்டே அவர் வீட்டுக்குப் போனேன்.

"பொட்டிய மூடிட்டாங்கப்பா," என்றார். "அது மட்டும்தான் நமக்குத் தெரியுது. வேற இன்னா தெரியுது, சொல்லு?" முகவரியை அவர் நீக்கவில்லை.

தூறலின் முகப்பில் ஒரு படம் இருக்கும். யார் எந்த மாதம் எவ்வளவு வேலை செய்தார்கள் என்று ஆளுக்கொரு கோடு. கோயம்புத்தூர்க்காரர் கோபித்துக்கொண்டு, இனி வரமாட்டேன் என்று எழுதிவிட்டுப் போனார். அவர் கோடு தானாகத் தரைக்கு இறங்கியது; அக்கா அதை அப்படியே விட்டார். "அவரே சொல்லிட்டாரு. தெரிஞ்சிபோச்சு. சைபர்." தம்பியின் கோடு மட்டும் ஒரு மாதத்தோடு அறுந்து அந்தரத்தில் நிற்கும்படி அவர் எழுதி வைத்திருந்தார். முகப்பைப் பார்க்கிறவர்கள் படத்தில் பிழை என்று எங்களுக்கு எழுதுவார்கள். பிழை இல்லை என்று அக்கா ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் போடுவார்.

அப்புறம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம். டாக்டர் என்ன சொன்னாலும், "பாத்துட்டுச் சொல்றீங்களா, பாக்காம சொல்றீங்களா?" என்று கேட்பார். அந்த டாக்டருக்கே அவரைப் பிடித்துப்போயிற்று. கடைசி ஸ்கேன் எடுத்த அன்று அக்கா கேட்பதற்கு முன்பே டாக்டர், "பார்த்துட்டேம்மா" என்றார். அக்கா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. திரும்பி வருகிற வழியில் உளுந்தூர்பேட்டையில் காரை நிறுத்தச் சொன்னார். டீக்கடைகளுக்கு முன்னால் பஸ்கள் வருவதையும் போவதையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்க அவருக்குத் தெம்பில்லை. ரொம்ப நேரம் கழித்து, "போலாம்ப்பா" என்றார்.

அவர் போய்விட்டார். அந்த வீட்டுக்குள் இனி எப்படி நுழைவது என்று எனக்கு இருந்தது. தூறலைத் திறக்கவே கை வரவில்லை.

மழைக்காலம் தொடங்கியதும் வேறு வழியில்லாமல் திறந்தேன். சங்கராபுரத்துப் பெண் ஒரு திருத்தம் அனுப்பியிருந்தாள். முகப்புப் படத்துக்கானது. அக்காவின் கோடு கடைசியாக வேலை செய்த மாதத்திலிருந்து தானாகத் தரைக்கு இறங்கியிருந்தது. அவள் அதை மாற்றி, தம்பியின் கோட்டைப் போலவே அறுந்து நிற்கும்படி எழுதியிருந்தாள். கீழே குறிப்பு: "அக்காவுக்கும் இப்படியே விட்டுடலாம்ங்க. என்னால அந்த சைபரைப் பார்க்க முடியல."

என்னாலும்தான் முடியவில்லை. சேர்த்துவிட வேண்டியதுதான் என்று விரலைக் கொண்டுபோனேன். ஒரு பட்டனை அமுக்கினால் முடிந்தது. யார் கேட்கப்போகிறார்கள்? அந்த வேலையைச் செய்ய விடாமல் காதுக்குள் ஒரு குரல், பார்த்தியா, பார்க்கலியா என்று கேட்டது. பார்த்தேன். ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கோயிலில் பெட்டிக்குள் பார்த்தேன். குழியில் ஒரு பிடி மண் போட்டவன் நான். எனக்கு மட்டும் எப்படித் தெரியாது என்று ஆகும்?

அந்தப் பெண்ணுக்கு எழுதினேன்: "சேர்க்க முடியாதும்மா. அக்காவை நாம பார்த்தோம்." இதை எழுதுவதற்குள் நான் பட்ட அவதி எனக்குத்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் அவளே தன் திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். அக்காவின் கோடு தரையிலேயே இருந்தது. ஒவ்வொரு மாதமும் ஒரு சைபர்.

அந்த வருடக் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். உபதேசியார் பேனாவை எடுத்தார். அம்மா கணவர் பெயரைச் சொன்னார். பிறகு மகள் பெயரைச் சொன்னார். குரல் உடையவில்லை. உபதேசியார் எழுதிவிட்டுத் தயங்கினார். மகளும் இல்லை, இனித் தடுக்க ஆளில்லை, அந்த அம்மா இந்தத் தடவையாவது அழுது முடிக்கட்டும் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"தம்பி பேரையும் இதுலயே எழுதிடட்டுங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாங்க. பெரியவள நான் பாத்தேன். சின்னவன இன்னும் பாக்கல."